மண்டையுடைச்சான் பாசி

அவளை எல்லோரும் நண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் இளையவர்கள் மட்டும் மரியாதைக்கு ஓர் அக்காவைச் சேர்த்து நண்டக்கா என்பார்கள். பிடித்தால் விடமாட்டாள் என்பதால் வந்த பெயர். எதிராளியின் தலைமுடியைப் பிடித்தாலும் சரி, பேச்சைப் பிடித்தாலும் சரி, கையோடு கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வராமல் அவள் திரும்பியதில்லை. ஐம்பத்தாறு வயதிலும் அந்தப் பெயருக்குக் குறை வைக்கவில்லை. போன மாதம்தான், மூட்டை ஈரமாக இருக்கிறது என்று சொல்லி ஒரு லாரிக்காரன் சின்னப் பெண் ஒருத்திமேல் கையை ஓங்கினான். நண்டு போய் ஓங்கிய கையின் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக மடக்கினாள். லாரியைத் திருப்பி ஓட்டிப்போக வேறோர் ஆளை வரவழைக்க வேண்டியிருந்தது.

அவளுக்கு வேலை கடல்பாசிக் கொட்டகையில். தகரக் கூரை, சிமெண்ட் தரை, தரை முழுக்க உப்புப் பூத்து வெளுத்திருக்கும். நீளமான மேசைகளுக்கு இரண்டு பக்கமும் நாற்பது பெண்கள் நின்று பாசியைப் பிரிப்பார்கள். கிளிஞ்சல், வலைநூல், கண்ணாடித் துண்டு, மீன்முள் எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, அப்படியே தின்னக்கூடியதைத் தனியாக, காய்ச்சி இறுக வைப்பதைத் தனியாக, மாட்டுக்குப் போகிறதைத் தனியாகக் குவிப்பார்கள். அந்த நாற்பது பேருக்கும் தலைவி நண்டு. எந்தப் பாசியைக் கையில் வைத்தாலும் கண்ணை மூடிக்கொண்டே பெயர் சொல்லிவிடுவாள். பெயர் மட்டுமா? அந்தப் பெயர் எப்படி வந்தது, அன்றைக்கு யார் யாரை அடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்வாள்.

அந்தக் கரையில் பாசிக்குப் பெயர் வைக்க ஒரு முறை இருந்தது. தோற்றத்தைப் பார்த்து வைக்கமாட்டார்கள். வைத்தும் பிரயோசனமில்லை. தண்ணீருக்குள் ஊதாவாக ஆடுவது வெளியே வந்ததும் பழுப்பாகும், இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் வெள்ளையாகும், வெந்நீரில் போட்டால் பச்சையாகும். இதில் எந்த முகத்தை நம்பிப் பெயர் வைப்பது? அதனால் ஒரு புதுப் பாசியை முதன்முதலில் கொண்டுவந்தவர் அதைத் தராசில் போட்டு, எல்லோர் முன்னாலும் ஒரு பிடி பச்சையாகத் தின்றுகாட்டி, அதற்கு அந்த நாட்களில் நடந்த ஏதாவது ஒன்றைப் பெயராகச் சொல்ல வேண்டும். தின்றவர் மறுநாள் நடமாடினால் பெயர் நிற்கும். படுத்துவிட்டால் பாசியும் போச்சு, பெயரும் போச்சு. தண்ணீர் வடிந்த பாறையில் அத்தனை பேரும் அரிவாளும் கையுமாக முட்டிக்கொண்டு நிற்கிற இடத்தில் தினமும் வேறென்ன நடக்கும்? அடிதடிதான் நடக்கும். பெயர்களும் அதற்குத் தக்கபடியே அமைந்தன.

மாமியார்முடி என்று ஒரு பாசி. கேட்கிறவர்கள், முடிபோல மெல்லியதாக இருக்கும்போல என்று நினைப்பார்கள். கிடையாது. அது தடித்த நாடா. நண்டுக்குக் கல்யாணம் ஆனதே முப்பது வயதில். ஆன மூன்றாம் மாதம், அவள் பாறையில் வெட்டிக் குவித்ததை அவளுடைய மாமியார் அள்ளித் தன் கூடையில் போட்டுக்கொண்டாள். ஏன் என்று கேட்டதற்கு அரிவாள் பிடியால் புருவத்தில் ஒரு போடு. ரத்தம் இறங்கிக் கண்ணை மறைத்தது. கண் மறைந்தால் என்ன, கைக்கு வழி தெரியாதா? இரண்டு பேரும் கட்டிப் புரண்டு பாறைக் குழிக்குள் விழுந்தார்கள். மேலே வரும்போது நண்டின் ஒரு கையில் மாமியாரின் கொண்டை, இன்னொரு கையில் அதுவரை யாரும் பார்க்காத பாசி. தராசு முன்னால் புருவத்திலிருந்து சொட்டச் சொட்ட அதைத் தின்றுவிட்டுப் பெயரைச் சொன்னாள். "அந்தப் பேரு மட்டும் வேண்டாம்டி" என்று மாமியார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கெஞ்சினாள். கேட்பவளா இவள்?

காதறுந்தான் பாசி அதற்கு மறுவாரம். புருஷன் அம்மாவுக்காக நியாயம் கேட்க வந்தான். அவன் நியாயம் கேட்பது இடுப்பு பெல்ட்டைக் கழற்றித்தான். மூன்று அடி வாங்கினாள். நாலாவது அடிக்கு அவன் குனிந்தபோது காது வாய்க்கு எட்டும் தூரத்தில் வந்தது. பல் பட்ட இடம் திரும்ப ஒட்டவில்லை. அந்த வாரமே பஸ் ஏறியவன்தான், இன்றுவரை தகவல் இல்லை. எங்கேயோ ஒன்றரைக் காதோடு நியாயம் பேசிக்கொண்டிருப்பான். அந்தப் பாசி என்னவோ நல்ல ருசி, எண்ணெயில் வதக்கினால் மொறுமொறுவென்று இருக்கும்.

இதையெல்லாம் அவள் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஒரே ஒரு பெயரின் கதையை மட்டும் சொல்லமாட்டாள். "அது பாறையில அடிபட்ட கத. போ, போய் வேலையப் பாரு" என்பாள். கேட்டவர்களும் போய்விடுவார்கள்.

அந்தப் பாசிக்குப் பெயர் மண்டையுடைச்சான். கொட்டகையில் அதிகம் விற்பதே அதுதான். கைப்பிடி அளவு போட்டுக் காய்ச்சினால் ஒரு குண்டான் தண்ணீரைக் கத்தியால் வெட்டுகிற மாதிரி இறுக்கிவிடும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அதைக் கடலுக்கடியிலிருந்து எடுத்துவந்தவன் அவளுடைய அண்ணன்.

அப்போது முதலாளியிடம் இருந்தது ஒரே படகு. அதில் மூன்று பேர். இடுப்பில் ஈயக்கட்டியும் கயிறும் கட்டிக்கொண்டு மூச்சடக்கி முங்குவது அண்ணன் வேலை. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்து, இரண்டு இழுப்பு வந்தால் மேலே தூக்குவது தங்கச்சி வேலை. துடுப்பு முதலாளி கையில். அண்ணனுக்கு வேறு யார் கயிறு பிடித்தாலும் பிடிக்காது. "நீ புடிச்சா நான் கீழ ஒரு தூக்கம்கூடப் போட்டுட்டு வருவேன்" என்பான்.

அன்றைக்கு அலை சரியில்லை. மூன்றாவது முங்கலில் அண்ணன் அரைப் பையோடு, மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தான். பையைப் படகுக்குள் எறிந்துவிட்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு இது போதும்" என்றான்.

"பை ரொம்பாம மேல வராதன்னு சொன்னேனா இல்லையா?" என்றார் முதலாளி.

அண்ணனுக்கும் வாய் சும்மா இருக்காது. "அவ்வளவு ஆசையா இருந்தா நீ எறங்கு. உங்கப்பனையும் கூட்டிக்கிட்டு எறங்கு" என்றான்.

அவ்வளவுதான் நடந்தது. முதல் அடி விளிம்பைப் பிடித்திருந்த விரல்களில் விழுந்தது. அண்ணன் கையை உதறிவிட்டு மறுகையால் பிடித்தான். இரண்டாவது அடி மண்டையில். பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. மரத்தில் மரம் மோதுகிற சத்தம், அவ்வளவே.

அண்ணன் அப்போது சாகவில்லை. அதுதான் அவளைத் தின்ற விஷயம். மண்டை பிளந்து முகமெல்லாம் சிவப்பாக, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தான். இழுத்திருந்தால் வந்திருப்பான். முதலாளி துடுப்பை அவள் பக்கம் திருப்பி, "விடு. இல்ல, அடுத்தது உனக்கு" என்றார். அவள் விட்டாள். ஈயக்கட்டி அண்ணனைக் கீழே கொண்டுபோனது.

உடல் கரைக்கு வந்தபோது ஓர் அதிகாரி வந்து விசாரித்தார். பாறையில் மோதிக்கொண்டான் என்று எழுதிய காகிதத்தில் முதலாளி கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே அவளும் போட்டாள். வீட்டில் அண்ணனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தது. அண்ணி ஒரு வருஷம் அழுதுவிட்டு வேறொருவனோடு போய்விட்டாள். அண்ணியைக் குறை சொல்ல அவளுக்கு எந்த வாய் இருக்கிறது? குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் கையெழுத்துப் போட்ட அன்று மத்தியானமே, படகில் கிடந்த அண்ணனின் பையை எடுத்துவந்து தராசில் கொட்டினாள். அதற்குள் இருந்தது புதுப் பாசி. மணலோடும் உப்போடும் ஒரு பிடி அள்ளித் தின்றாள். "என்ன பேரு?" என்று எடைபோடுகிறவர் கேட்டார். பக்கத்து நாற்காலியில் இருந்த முதலாளியைப் பார்த்துக்கொண்டே, "மண்டையுடைச்சான்" என்றாள். முதலாளி வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். தராசைப் பார்த்துக்கொண்டு, "எடை போடு" என்றார். அவள் இன்னும் இரண்டு பிடி தின்றாள். மறுநாள் எழுந்திருக்காமல் போனால் நல்லது என்று நினைத்துத்தான் தின்றாள். மறுநாள் கல்லுக்குண்டுபோல எழுந்து நடமாடினாள்.

நண்டு என்ற பெயர் இதற்குப் பிறகு வந்ததுதான். அதற்கு முன்னால் அவள் யார் முடியையும் பிடித்ததில்லை. ஒருமுறை விட்டுவிட்ட கை, அப்புறம் எதைப் பிடித்தாலும் விடமாட்டேன் என்று நின்றது.

துடுப்பு விஷயம் ஊருக்கே அரசல்புரசலாகத் தெரியும். நண்டுக்குப் பயந்து அண்ணன் மகள் காதில் மட்டும் யாரும் போடவில்லை. கயிறு விஷயம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். முதலாளி அவளைப் பிரிக்கிற பெண்களுக்குத் தலைவியாக்கினார். எதிரியைக் கண்ணுக்கெதிரே வைத்துக்கொள்கிற புத்தி. ஆனால் இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தப் பாசியின் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. "அது எவ்வளவு இருக்கு?" "அந்தச் சரக்கு காஞ்சுதா?" இப்படித்தான் கேட்பார். ஊரே நாளைக்கு நூறு தடவை சொல்கிற சொல்லை முழுங்கி முழுங்கிச் சாகிறானே என்று அவளுக்கு அதில் ஒரு கொடூரமான சந்தோஷம். நியாயத்துக்குப் பதிலாக அவளுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அந்தச் சந்தோஷத்திலும் ஒரு முள் இருந்தது. அண்ணன் மகள் வளர்ந்து, படித்து, அதே கொட்டகையில் தராசுக்கு உட்கார்ந்தாள். முப்பது வயதுப் பெண். அப்பனின் வாய், அத்தையின் கை. கூடைக்காரர்களை அதட்டிக்கொண்டு, "மண்டையுடைச்சான் இன்னும் ஈரம். காயவெச்சுக் கொண்டாங்க" என்று அவள் குரல் கேட்கும்போதெல்லாம் நண்டு பிரிக்கிறதை நிறுத்திவிடுவாள். யார் மண்டை என்று தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறாளே என்று அவளுக்கு இருக்கும்.

முதலாளிக்கு எழுபத்திரண்டு வயதானபோது மகன் பொறுப்புக்கு வந்தான். சின்ன முதலாளி. கெட்டவன் என்று சொல்ல முடியாது, எதையும் பளபளவென்று பார்க்கிற ஆசை மட்டும் அதிகம். பாசியைப் பாக்கெட்டில் போட்டு விற்க மெஷின் வாங்கினான். "மண்டையுடைச்சான், காதறுந்தான்னு பாக்கெட்ல போட்டா எவன் வாங்கித் தின்பான்? கேட்டதும் வாந்தி வரும்" என்றான். புதுப் பெயர்கள் வைப்பது, பழைய பெயர்களையும் அவை வந்த காரணத்தையும் ஒரு சின்னப் புத்தகமாகப் போட்டுவிடுவது என்று முடிவு செய்தான். அதற்காக அகராதி வேலை செய்கிற ஒருவரைக் கூட்டிவந்தான்.

அகராதிக்காரர் ஒல்லியான மனிதர். நாற்காலியில் உட்காருமுன் அதைக் கைக்குட்டையால் துடைப்பார். ஒரு வாரம் மேசை மேசையாக வந்து எழுதிக்கொண்டார். பெண்கள் விடுவார்களா? அவரைச் சுற்றி நின்று, ஆளுக்கொரு சண்டையை நடித்தே காட்டினார்கள். மாமியார்முடியின் கதையைக் கேட்டதும் அவர் பேனா அப்படியே நின்றுவிட்டது. கடைசியில் "மயிரிழை போன்று இருப்பதால்" என்று எழுதினார். நண்டு அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, போகட்டும் என்று விட்டாள். மண்டையுடைச்சானுக்குக் காரணம் கேட்டபோது எல்லோரிடமும் சொல்கிறதையே அவரிடமும் சொன்னாள். அவர் திருப்தியில்லாமல் பெரிய முதலாளியிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோர் முன்னாலும் பட்டியலைப் படிப்பதாக ஏற்பாடு. விளக்கங்கள் சரி என்று தலைவி கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து தராசிலும் புதுப் பெயர்தான். அன்று காலையில் பெரிய முதலாளி தடியை ஊன்றிக்கொண்டு அவள் மேசைக்கு வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"கையெழுத்துப் போட்டுடு. வயசான காலத்துல ரெண்டு பேரும் நிம்மதியா இருப்போம்."

"நீங்க இருங்க."

"உன் அண்ணன் பொண்ணுக்கு உன்ன விட்டா யாரு? அதுக்குத் தெரியாதது தெரியாமலே இருக்கட்டும். நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. பெயர் போனால் அண்ணன் பாறையில் மோதிச் செத்தவனாகவே ஆகிவிடுவான். அவனை அடித்துக் கொன்றார்கள் என்பதற்கு உலகத்தில் இருந்த ஒரே சாட்சி அந்தச் சொல்தான். அதைக் காப்பாற்ற வாயைத் திறந்தால் கயிறும் வெளியே வரும். இடுப்பில் தூக்கி வளர்த்த பெண் அதற்குப் பிறகு தன் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்பாளா? நண்டு அன்று காலை முழுக்க யாரையும் திட்டவில்லை. பெண்கள் அவளுக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தார்கள்.

மத்தியானம் அகராதிக்காரர் எழுந்து கனைத்துக்கொண்டு படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் சிரிப்பு, கைதட்டல். "மண்டையுடைச்சான். காய்ந்தபின் தலைபோல உருண்டுவிடும். சமைக்குமுன் கல்லால் உடைக்க வேண்டியிருப்பதால் இப்பெயர் பெற்றது. இனி இதன் பெயர், கடல்முத்து." யாரும் சிரிக்கவில்லை. படித்து முடித்துக் காகிதத்தையும் பேனாவையும் நண்டு பக்கம் நகர்த்தினார்.

அவள் பேனாவை எடுத்தாள். தன் பெயரின் முதல் எழுத்தையும் போட்டுவிட்டாள். அண்ணன் செத்தபோது அதிகாரி நீட்டிய அதே மாதிரி ஒரு காகிதம், அதே மாதிரி கீழ்மூலையில் ஒரு கோடு. பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய், தொட்டியிலிருந்து ஈர மண்டையுடைச்சானை ஒரு கை அள்ளிவந்து அகராதிக்காரர் முன்னால் அறைந்து போட்டாள். தண்ணீர் அவர் கண்ணாடியில் தெறித்தது. பாசி விரல் விரலாக மேசையில் பரவியது.

"இது உருண்டையாவா இருக்கு? காஞ்சத மட்டும் பாத்துட்டுக் காரணம் எழுதிட்டீங்களே, தண்ணியில இருக்கறப்ப பாத்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இல்லம்மா. அப்ப உண்மையான காரணம் என்ன?"

பெரிய முதலாளியின் தடி அவள் தோளில் இறங்கியது. வயதானாலும் பழகிய கை. இரண்டாவது அடி காதோரம் பட்டு மேசையில் மோதியது. மூன்றாவதற்கு அவள் தடியைப் பிடித்துத் திருகி, முழங்காலில் வைத்து ஒடித்துத் துண்டுகளைத் தரையில் எறிந்தாள். சின்ன முதலாளி குறுக்கே வந்தான். அவனை மார்பில் கைவைத்துத் தள்ளியதில் பாசிக் குவியல்மேல் போய் உட்கார்ந்தான்.

"பாறைன்னு கையெழுத்துப் போட்டது யாருடி?" என்று பெரியவர் கத்தினார்.

"நான்தான். பொய்க் கையெழுத்து. பாறையும் இல்ல, ஒண்ணும் இல்ல. துடுப்பு. உன் கையில இருந்த துடுப்பு."

"ஒரே ஒரு அடிதான்டி அடிச்சேன்!"

"ரெண்டு. மொதல்ல வெரல்ல."

நாற்பது பேர் கேட்கத் தன் வாயாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அவருக்கு உறைக்கவில்லை. ஆத்திரம் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. "பெருசா நியாயம் பேச வந்துட்டா! கயிறு யாரு கையில இருந்துச்சு? அதையும் சொல்லு! மண்டையுடைச்சான், மண்டையுடைச்சான்னு இத்தன வருஷமா என் உயிர வாங்கினியே, கயிற விட்டது யாருன்னு உன் அண்ணன் மககிட்ட சொல்லு பாப்போம்!"

தராசுக்குப் பின்னாலிருந்து அண்ணன் மகள் எழுந்து வந்தாள். அவள் முகத்தைப் பார்க்க நண்டுக்குத் தைரியம் இல்லை. பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று பார்த்தாள்.

"நான்தான் விட்டேன் குட்டி. மண்டை பொளந்தும் உங்கப்பன் உயிரோட இருந்தான். கயிற புடிச்சுக்கிட்டிருந்தான். இந்த ஆளு விடுன்னான். கை தானா தெறந்துடுச்சுன்னு இத்தன வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தானா தெறக்கல. பயந்துட்டேன். நான்தான் தெறந்தேன்."

"அப்பா உன்னப் பாத்தாரா?"

"பாத்தான்."

"எதாவது சொன்னாரா?"

"சொல்ல முடியல. வாய்க்குள்ள தண்ணி போயிடுச்சு."

அண்ணன் மகள் அறைந்தாள். நண்டின் முகம் ஒரு பக்கம் திரும்பியது. திரும்பிய முகத்தை அவள் மறுபடி நேராகக் கொண்டுவந்து வைத்தாள். இன்னொரு அறை விழுந்தது. உதடு கிழிந்தது. தடுக்கக் கையைத் தூக்கவில்லை. மாமியாரையும் புருஷனையும் லாரிக்காரனையும் புரட்டியெடுத்தவள், வளர்த்த பெண்ணிடம் அடி வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து மேசையோரம் நின்ற பெண்கள் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார்கள்.

பிறகு அண்ணன் மகள் தராசிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லைத் தூக்கிக்கொண்டு கிழவரை நோக்கித் திரும்பினாள். கிழவர் நாற்காலியைத் தடவினார். அவள் கையை ஓங்கிவிட்டாள். நண்டு பின்னாலிருந்து பாய்ந்து அவளை இரண்டு கையோடும் சேர்த்துக் கட்டிப் பிடித்தாள். அந்தப் பெண் முழங்கையால் விலாவில் இடித்தாள், பின்னந்தலையால் மூக்கில் மோதினாள், தோளோரம் வந்த கையைக் கடித்தாள். இரண்டு பேரும் உப்புத் தரையில் விழுந்தார்கள். நண்டின் மூக்கு ரத்தம் அவள் முடியில் இறங்கியது.

"விடு அத்த! விடுன்னு சொல்றேன்ல! அவன் மண்டையப் பொளக்கணும்!"

"பொளந்துட்டு நீ ஜெயிலுக்குப் போவியா? மாட்டேன். கொன்னாலும் விடமாட்டேன்."

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. எடைக்கல் கையிலிருந்து நழுவி உருண்டது. அந்தப் பெண்ணின் உடம்பு தளர்ந்து, குலுங்கி, ஓய்ந்தது. அதற்குப் பிறகும் நண்டின் பிடி தளரவில்லை. அண்ணன் மகளே ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கிழவரைப் பார்க்கவில்லை. அத்தையையும் பார்க்கவில்லை. நேராக அகராதிக்காரர் மேசைக்குப் போய் அந்தக் காகிதத்தில் இருந்த வரியைப் பேனாவால் அடித்தாள்.

"இப்ப கேட்டீங்கல்ல, அத எழுதுங்க."

அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டிருந்த சின்ன முதலாளி, "சார், வேண்டாம்" என்றான். அகராதிக்காரர் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு புதுத் தாளை எடுத்து விரித்தார். "துடுப்ப எழுதறேன்மா. கயிற எழுதணுமா? அது உங்க குடும்ப விஷயம்."

"ரெண்டையும் எழுதுங்க. ஒண்ண விட்டா இன்னொண்ணு பொய்யாயிடும்."

அவர் எழுதினார். ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லி எழுதினார். முதல் அடி, இரண்டாம் அடி, கயிறு, கையெழுத்து. நண்டு எழுந்திருக்காமல் தரையிலேயே உட்கார்ந்து மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள். எழுதி முடித்து, தாளின் அடியில் காலியாக இருந்த ஒரு கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தார்.

"பேரு வெச்சது யாருன்னு ஒரு கட்டம் இருக்கும்மா. இவங்கள எப்படிப் போடட்டும்?"

அண்ணன் மகள் தரையில் கிடந்த எடைக்கல்லை எடுத்துப்போய்த் தராசில் அதன் இடத்தில் வைத்தாள். பிறகு அங்கிருந்தபடியே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"என் அத்தைன்னு போடுங்க."